கூறையில் ஒரு நட்சத்திரம் – 11. எட்டாவது முனை

போன வாரம் லவினாவை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் இருக்கும் தொடர்மாடியின் நாலாம் மாடியில், அறைக்கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, தன் கூறைச் சேலையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, கூறையையா?" என்று பதறி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறீர்கள். பதறாதீர்கள். அது ஒருநாளும் கட்டாத கூறை.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காகக் கொஞ்சம். லவினாவுக்கும் வத்தளை மெல்ரோய்க்கும் கல்யாணம் நிச்சயமாகி, கோயில் பூசையில் கல்யாண ஓலை வாசித்து, மண்டபமும் பேசியாகிவிட்டது. கல்யாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மெல்ரோயின் தாய் ஜசிந்தா போன் எடுத்து, "இது சரிவராது போலக் கிடக்கு" என்று ஒரே வசனத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினாள். மெல்பர்னிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அங்கே பிறந்து வளர்ந்த பெண். கொட்டாஞ்சேனைப் பெண் சட்டென்று பழசாகிப்போனாள்.

மோதிரத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கூறையைக் கேட்கவில்லை. பெரிய மனம் என்று நினைத்துவிடாதீர்கள். பிளவுஸ் தைப்பதற்காக அதை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள், துண்டும் வெட்டியாகிவிட்டது. பிளவுஸ் துண்டு வெட்டிய சேலையை வெள்ளவத்தையில் எந்தக் கடைக்காரன் திருப்பி எடுப்பான்?

ஒரு வருடத்துக்கு மேல் கூறைப் பெட்டி அம்மாவின் அலுமாரியில் தூங்கியது. அதற்குப் பிறகு லவினா அதை எழுப்பினாள்.

வெட்டியதைத் தைத்து எட்டாவது முனைவரை வந்த அன்று போயா, பௌர்ணமி நாள். துறைமுக ஏஜென்சியில் அவள் வேலை பார்க்கும் ஒஃபிஸுக்கு லீவு. விடிந்ததும் தைத்து முடித்த பாகங்களைத் தூக்கி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். கிழக்கு வெயில் நேராக அடித்தது.

எட்டு முனை நட்சத்திரம். கட்டில் முழுக்க மூடும் அளவு. ஒவ்வொரு முனையும் சின்னச் சின்ன டயமண்ட் வடிவத் துணித் துண்டுகளால் ஆனது. நடுவில் மஞ்சள் தொடங்கி, அடுத்த வளையம் கடல்நீலம், அடுத்தது வெள்ளை, எல்லாவற்றிலும் அகலமான வளையம் கூறைப்பட்டு, பிறகு மறுபடி வெள்ளை, நீலம் என்று நுனிவரை ஒடுங்கிப் போகும். பருத்தித் துணிகள் எல்லாம் கைருன்னிஸா ராத்தாவின் துண்டுத்துணிக் கடையில் பொறுக்கியவை. கூறை மட்டும் அவளுடையது.

இந்தத் தையல் ஏமாற்றுக்காரத் தையல். ஒரு தையல் ஓரம் நூலளவு கூடினாலும் குறைந்தாலும் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. எட்டு முனையையும் சேர்க்கும்போதுதான் தெரியும். நடு தட்டையாக விழாமல் அப்பம் போல உப்பிக்கொள்ளும். சாய்த்து வெட்டிய ஓரம் வேறு, கை பட்டாலே இழுபடும். பட்டு வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால் கூறைக்குப் பின்னால் மெல்லிய ஒட்டுத்துணி வைத்து அயன் பண்ணி, அதன் பிறகுதான் வெட்டினாள். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பெண் செய்து காட்டியதை எத்தனை தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது.

ஏழு முனைகள் சேர்ந்துவிட்டன. எட்டாவது தனியாக இருந்தது. அதை அதன் இடத்தில் ஊசி குத்தி நிறுத்திவிட்டு, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

ஏதோ சரியில்லை.

கூறை டபுள் ஷேட் பட்டு. நெடுக்கு நூல் அரக்கு, குறுக்கு நூல் செம்மஞ்சள். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் இரத்தச் சிவப்பு, திருப்பினால் நெருப்பு. அதனால்தான் நட்சத்திரத்தில் எதிரெதிர் முனைகள் ஜோடி ஜோடியாக மின்னின. இரண்டு இருண்டால் இரண்டு ஒளிரும். பார்க்க அவ்வளவு அழகு. எட்டாவது முனை மட்டும் தன் எதிர்முனையோடு சேரவில்லை. அது எரியவேண்டிய இடத்தில் அவிந்துபோய்க் கிடந்தது.

ஏனென்றால் அந்த முனையின் கூறைப்பட்டு வரிசையை மட்டும் அவள் துணியின் நெடுக்கில் வெட்டவில்லை. குறுக்கில் வெட்டியிருந்தாள்.

எப்படி இந்தப் பிழை வந்தது? அது அவளுக்கு நன்றாகத் தெரியும். நெடுக்கில் வெட்டுவதற்குத் துணி போதவில்லை. தலைப்பில் கைவைத்திருந்தால் போதியிருக்கும். அவள் கைவைக்கவில்லை. சேலைத் தலைப்பையும் அதோடு ஒட்டிய ஒரு கஜத்தையும் அப்படியே மடித்து, பழைய பெட்டியில் மேலாக வைத்து, அம்மாவின் அலுமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். யார் திறந்து பார்த்தாலும் முழுக் கூறை என்றுதான் நினைப்பார்கள்.

அம்மாவுக்குப் பயந்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது அரைவாசி உண்மை. மற்ற அரைவாசியை நான் சொல்கிறேன். அந்த நிறத்தைத் தெரிவுசெய்தது மெல்ரோய். கடையில் நின்றுகொண்டு, வீடியோ கோல் எடுத்து, தலைப்பைத் தன் தோளிலேயே போட்டுக்காட்டி, "இதுதான் உனக்கு, லவி. வேற ஒண்டையும் பார்க்காதே" என்று சிரித்தவன். கடைக்காரர்களும் சிரித்தார்கள். அந்தத் தலைப்பை வெட்ட அவளுக்குக் கை வரவில்லை. நெஞ்சின் ஏதோ ஒரு மூலையில் அவன் இன்னும் ஒருநாள் வந்து வாயைத் திறந்து ஏதாவது சொல்வான் என்று ஒரு முட்டாள் காத்துக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

"லவி! திற புள்ள. நல்ல விசயம் ஒண்டு."

லவினா நட்சத்திரத்தின் மேல் படுக்கை விரிப்பை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். அம்மா நேசம் தலையில் எண்ணெய் வைத்து, முகமெல்லாம் வெளிச்சமாக நின்றாள். இந்த ஒரு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை லவினா பார்க்கவில்லை.

"நாலு மணிக்கு வாறாங்க."

"ஆரு?"

"ஜசிந்தாவும் மெல்ரோயும். அந்த மெல்பர்ன் கதை சரிவரேல்லையாம். அந்தப் புள்ளை இஞ்ச வந்து ரெண்டு கிழமை இருந்து பார்த்துப்போட்டு வேண்டாமெண்டு போயிட்டாளாம். ஜசிந்தா போனில அழுறா. லவினாவைப் போல ஒரு மருமகள் கிடைக்குமா எண்டு."

"அழட்டும்."

"ச்சீ, அப்படிக் கதையாத. பழையபடி செய்வமெண்டு சொல்றாங்க. கூறை பத்திரமா இருக்கோ எண்டு கேட்டவ. பெட்டியைத் திறந்து பார்த்தனான், மடிச்சது மடிச்சபடி இருக்கு. இண்டைக்கே தட்டில வச்சு உன்ட தோளில போட்டுவிடப் போறாவாம். மாமியார் கையால."

லவினாவின் கை கதவின் பிடியிலேயே இருந்தது. சொல்லியிருக்கலாம். அந்த நொடியில், 'அம்மா, அந்தப் பெட்டியில தலைப்பும் ஒரு கஜமும்தான் இருக்கு' என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அன்றைய நாள் வேறு மாதிரிப் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. ஏனோ தெரியாது, இதயம் வேறு படபடவென்று அடித்துக்கொண்டது. வருகிறானாமே!

தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

குசினியில் நேசம் கட்லட்டுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். போயா நாள் என்பதால் இறைச்சிக்கடை பூட்டு. டின் மீன்தான். மகளிடம் வெங்காயத்தைத் தள்ளிவிட்டாள்.

"அந்த ரோஸ் சாரியைக் கட்டு. முடியைப் பின்னிக்கொள்ளு. அந்தப் போர்வைத் தையலை இண்டைக்கு மட்டுமாவது எடுத்து உள்ள வை. கொழும்பு வெக்கைக்குப் போர்வை தைக்கிறவளை நான் எங்கயும் காணேல்ல. நுவரெலியாவிலயா இருக்கிறம்?"

"அது போர்த்துறதுக்கு இல்லை. விரிக்கிறதுக்கு."

"எதுக்கு விரிக்கிறதுக்கு?"

"என்ட கட்டிலுக்கு."

அந்தக் கட்டிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மகளின் சீதனத்துக்கென்று அப்பா ஒஸ்வால்ட் மொரட்டுவையில் சொல்லிச் செய்வித்த மஹோகனிக் கட்டில். கல்யாணம் நின்றது, கட்டில் நிற்கவில்லை, வந்து சேர்ந்துவிட்டது. அறையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா பெருமூச்சு விடுவாள். லவினா அதன் நட்டநடுவில் கையையும் காலையும் அகல விரித்துப் படுத்துப் பழகிக்கொண்டாள்.

"அம்மா, ஒண்டு கேக்கட்டா? இவ்வளவு ஆயத்தம் செய்யிறீங்க. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

நேசம் மத்தைக் கீழே வைத்தாள். உண்மையிலேயே விளங்கவில்லை அவளுக்கு.

"உன்னட்டக் கேக்க என்ன இருக்கு? நீயும் விரும்பினதுதானே?"

"அப்ப விரும்பினனான்."

"அப்ப விரும்பினது இப்ப எங்க போச்சு? புள்ள, நீ ஒஃபிஸுக்குப் போயிடுவாய். பூசை முடிஞ்சு வாசல்ல நிக்கிறது நான்தான். 'லவினாவுக்கு ஏதும் சரிவந்துதா?' எண்டு ஒவ்வொரு ஞாயிறும் ஆராவது கேக்குறாங்க. அன்பாத்தான் கேக்குறாங்க. அந்த அன்பைத்தான் என்னால தாங்கேலாமக் கிடக்கு."

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் மகளிடம்தான் இருந்தது. லவினாவுக்கு அம்மா மேல் பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கித் தள்ளினாள்.

ஒஸ்வால்ட் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து சரக்கு இறங்குவதைக் கணக்கெடுத்துக்கொண்டே காலம் கழித்ததால், வீட்டில் ஏறுவதையும் இறங்குவதையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வழக்கம். மூன்றரைக்குப் பல்கனியிலிருந்து கீழே காவல்காரனைச் சிங்களத்தில் கூப்பிட்டார்.

"மல்லி! லிஃப்ட் எக்க ஹரித?"

"தாம நே, மஹத்தயா!"

"லிஃப்ட் இன்னும் சரியில்லையாம்," என்று உள்ளே திரும்பிச் சொன்னார். "ஜசிந்தாவுக்கு முழங்கால் வருத்தமல்லோ. நாலு மாடி."

சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதற்குப் பின்னால் அவர் சிரித்தாரா என்று லவினாவுக்குத் தெரியவில்லை.

ஜசிந்தா மூச்சிரைக்க இரைக்க வந்து சோபாவில் விழுந்தாள். நீலப் பட்டும் கழுத்து நிறைய நகையும். பின்னால் மெல்ரோய். இளைத்திருந்தான். கையில் கேக் பெட்டி. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒருமுறை ஒஸ்வால்டிடம் நீட்டி, பிறகு நேசத்திடம் நீட்டி, கடைசியில் தானே மேசையில் வைத்தான்.

லவினா ரோஸ் சாரி கட்டவில்லை. தையலுக்குப் போடும் பருத்திச் சட்டை, முழங்கையில் ஒட்டிய நூல் துணுக்குகள். நேசம் கண்ணால் ஒரு வெட்டு வெட்டினாள்.

"என்ன மகள், தையல் வேலையோ?" என்றாள் ஜசிந்தா. "நல்லம், நல்லம். எங்கட வீட்டில திரைச்சீலை எல்லாம் மாத்தத்தான் இருக்குது."

தேத்தண்ணி வந்தது. கட்லட் வந்தது. ஜசிந்தாவின் மூச்சும் ஒருவழியாகத் திரும்பி வந்தது.

"நடந்தது நடந்துபோச்சு, நேசம். ஏதோ சோதனை காலம். அந்தப் புள்ளை எங்கட குடும்பத்துக்குச் சரிவராது. தேத்தண்ணி ஊத்தத் தெரியாது. என்ட மகனை எழும்பிப் போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வா எண்டு சொல்றாள், என்ட கண்ணுக்கு முன்னால! நத்தார் நெருங்கி அட்வென்ட் தொடங்க முந்தி கல்யாணத்தை வைப்பம். கோயில்ல நாள் பார்த்தாச்சு. ஃபாதரோடயும் கதைச்சிட்டன்."

"கதைச்சிட்டீங்களா?" என்று நேசம் நெஞ்சில் கைவைத்தாள்.

"பின்ன? இனிச் சுணங்கக் கூடாது."

பழைய சோபா, பழைய கட்லட் தட்டு, பழைய கல்யாணம். எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடங்கப் போகிறதாம். லவினா என்கிற ஆள் ஒருத்தி அந்த ஹோலில் நிற்பது அங்கே ஒருவருக்கும் நினைவில்லை.

அவள் ஜசிந்தாவைப் பார்க்கவில்லை. மெல்ரோயைப் பார்த்தாள்.

"மெல்ரோய். நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் கேக் பெட்டியின் ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். 'சொல்லு' என்று லவினாவின் உள்ளேயிருந்த அந்த முட்டாள் கெஞ்சினாள். 'பிழை செய்திட்டன் எண்டு சொல்லு. பயந்திட்டன் எண்டாவது சொல்லு. என்னவாவது உன்ட வாயால சொல்லு.'

அவன் தாயைப் பார்த்தான்.

"மம்மி சொன்னாச் சரிதானே, லவி," என்றான்.

அவ்வளவுதான்.

லவினாவுக்கு அழுகை வரவில்லை. ஒரு வருடமாகக் காதுக்குள் இரைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நின்றதுபோல் இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

"நேசம், அந்தத் தட்டைக் கொண்டு வாங்கோ," என்றாள் ஜசிந்தா.

நேசம் வெள்ளித் தட்டில் பெட்டியை ஏந்தி வந்தாள். நாலு பூ வேறு வைத்திருந்தாள். ஜசிந்தா எழுந்து, சிலுவை போட்டுக்கொண்டு, பெட்டியைத் திறந்தாள். தலைப்பு சரிகையோடு தகதகவென்று கிடந்தது. "எங்கட கூறை," என்று பெருமையோடு சொல்லி, இரண்டு கையாலும் தூக்கி, லவினாவின் தோளை நோக்கி ஒரு வீச்சு வீசினாள்.

சேலை வரவேண்டிய அளவுக்கு வரவில்லை.

தலைப்பு வந்தது. அதன் பின்னால் ஒரு கஜம் வந்தது. பிறகு வெட்டிய ஓரம் வந்தது. பெட்டியின் அடியில் வெறும் டிஷ்யூக் கடதாசி. ஜசிந்தா துணியின் மறுபக்கத்தைத் தேடுகிறவள் போல அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பெட்டியைக் குனிந்து பார்த்தாள். நேசம் பெட்டிக்குள் கையையே விட்டுப் பார்த்தாள்.

"மிச்சம் எங்க?" என்றாள் ஜசிந்தா.

"உள்ள இருக்கு. கொண்டு வாறன்."

லவினா அறைக்குப் போய், எட்டாவது முனையை ஊசி கழற்றி எடுத்துவிட்டு, நட்சத்திரத்தை அள்ளிக்கொண்டு வந்து, ஹோலின் நடுவில் தரையில் உதறி விரித்தாள். ஏழு முனை. பல்கனி வெயில் அதன் மேல் விழுந்தது. சிவப்பு, நெருப்பு, சிவப்பு, நெருப்பு என்று அது ஜோடி ஜோடியாக எரிந்தது. எட்டாவது இடம் மட்டும் வாய் திறந்து கிடந்தது.

அதைத் தைத்த லவினாவே ஒரு கணம் அசந்துபோனாள். நடு கொஞ்சமும் உப்பவில்லை. தட்டையாக, தரையோடு தரையாக விழுந்திருந்தது.

"கூறையை... வெட்டினியா?" ஜசிந்தாவின் குரல் கீச்சிட்டது. "மாப்பிள்ளை வீட்டுக் கூறையையா வெட்டிக் கால்மிதி தைச்சிருக்கிறாய்?"

"கால்மிதி இல்லை, அன்ட்டி. கட்டில் விரிப்பு. நீங்க கேட்டது மோதிரத்தை. அதைத் தந்திட்டன். இதைக் கேக்கேல்ல. எனக்குத் தந்தது, என்ட. அதனால வெட்டினனான்."

"கூறையை வெட்டுறது குடும்பத்துக்கே ஆகாது!"

"கூறை தந்துபோட்டுக் கல்யாணத்தை நிப்பாட்டுறது ஆகுமா? அதுக்கு நீங்க ஃபாதரோட கதைச்சீங்களா?"

"லவி!" என்றாள் நேசம். ஆனால் அந்த 'லவி'யில் வழக்கமான வேகம் இல்லை. அவள் கண் தரையில் இருந்த நட்சத்திரத்தில் இருந்தது.

லவினா ஜசிந்தாவின் கையிலிருந்த துணியை எடுத்தாள். பிடுங்கவில்லை. மரியாதையாகத்தான் எடுத்தாள். சாப்பாட்டு மேசைக்குப் போனாள். அங்கே கட்லட், தேத்தண்ணிக் கோப்பைகள், கேக். இடமில்லை. அவள் ஒரு நொடி தயங்கினாள்.

ஒஸ்வால்ட் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். கட்லட் தட்டை எடுத்து அலுமாரி மேல் வைத்தார். கோப்பைகளை எடுத்தார். மெல்ரோய் கொண்டுவந்த கேக் பெட்டியை எடுத்து, கொஞ்சம் யோசித்து, மெல்ரோயின் மடியிலேயே வைத்தார். தோளில் கிடந்த துவாயால் மேசையைத் துடைத்தார்.

"இப்ப இடம் காணுமா மகள்?"

"காணும், டடா."

அவள் துணியை விரித்தாள். சோக்குக் கட்டியால், நூல் ஓடும் நெடுக்கைப் பார்த்து, தலைப்பின் சரிகையை ஊடறுத்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தாள். அடிமட்டத்தை நகர்த்தி இன்னொரு கோடு. கத்தரிக்கோலைத் திறந்தாள்.

"லவி," என்று மெல்ரோய் பாதி எழும்பினான். கேக் பெட்டி மடியில் சரிந்தது. "அதை விடு. அந்தக் கலர் நான்..."

"மெல்ரோய்!" என்றாள் ஜசிந்தா.

அவன் உட்கார்ந்தான்.

லவினா வெட்டினாள். பட்டு வெட்டுப்படும் சத்தம் பெரிய சத்தமில்லை. ஆனால் அந்த ஹோலில் எல்லோருக்கும் கேட்டது. சரிகை வந்த இடத்தில் கத்தரிக்கோல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவன் ஒருநாள் தன் தோளில் போட்டுச் சிரித்துக் காட்டிய தலைப்பு இரண்டாகி, அகலமில்லாத ஒரு பட்டி தனியாக அவள் கையில் வந்தது.

"அன்ட்டி, கட்லட் சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றாள். "அம்மா காலமையிலயிருந்து கஷ்டப்பட்டுச் செய்தது."

ஜசிந்தா கட்லட் சாப்பிடவில்லை. மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று, "என்ட அந்தோனியாரே!" என்று அவள் முழங்காலைத் திட்டுவதா லவினாவைத் திட்டுவதா என்று தெரியாமல் திட்டிக்கொண்டு இறங்கியது கீழே வரைக்கும் கேட்டது.

நேசம் குசினிக்குப் போனாள். பாத்திரங்கள் பேசின. ஒஸ்வால்ட் கட்லட் தட்டை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார்.

லவினா பட்டிக்குப் பின்னால் ஒட்டுத்துணி வைத்து அயன் பண்ணினாள். சாய்வாக டயமண்ட் துண்டுகளை வெட்டினாள். பழைய வரிசையைத் தையல் தையலாகப் பிரித்து எடுத்துவிட்டு, புதியதை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தாள். சில துண்டுகளில் சரிகைக் கோடு ஓடியது. மற்ற முனைகளில் அது கிடையாது. கிடக்கட்டும் என்று விட்டாள்.

மெஷினுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"வெட்டுறதுக்கு முந்தி எனக்குச் சொல்லியிருக்கலாம். தட்டில பூவெல்லாம் வச்சு ஏந்திக்கொண்டு வந்தன். விசரி மாதிரி."

அது லவினாவுக்குச் சுருக்கென்று குத்தியது. அன்று முழுக்க யாருக்கும் தலைகுனியாதவள் அந்த ஒன்றுக்குக் குனிந்தாள்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

நேசம் யோசித்தாள்.

"விட்டிருக்க மாட்டன்," என்றாள் உண்மையாக. பிறகு உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏழு முனையையும் மடியில் தூக்கி வைத்து, பட்டின் மேல் விரலை ஓட்டினாள். "அவனை எழும்பிப் போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வா எண்டு சொன்னாளாம் அந்த மெல்பர்ன்காரி. கேட்டியே?"

"கேட்டன்."

"நல்லாத்தான் சொல்லியிருக்கிறாள்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

புதிய வரிசையைத் தைத்து முடிக்கும்போது லூசியா கோயிலின் ஆறு மணி அடித்தது. நேசம் சிலுவை போட்டுக்கொண்டு எழும்பவும் வாசல் பெல் அடிக்கவும் சரியாக இருந்தது. பல்கனியிலிருந்து ஒஸ்வால்டின் குரல் வரவில்லை. அவர் வாய் நிறையக் கட்லட்.

நேசம் போய்க் கதவின் கண்ணாடித் துளையால் பார்த்தாள். திறக்காமல் திரும்பி மகளின் அறைவாசலுக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெல்ரோய். தனிய நிக்கிறான். தாயைக் காணேல்ல."

மெஷினின் சில்லில் லவினாவின் கை நின்றது.

தாயில்லாமல் நாலு மாடி ஏறி வந்திருக்கிறான். ஒரு வருடமாகக் காத்திருந்த அந்த ஒரு வார்த்தையைக் கொண்டுவந்திருக்கிறானோ, என்னவோ. அவள் மேசையைப் பார்த்தாள். வெட்டுப்பட்ட துண்டுகள் கிடந்தன, முழுத் தலைப்பு இல்லை. இனி எடுத்து மடித்து வைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"திறக்கட்டா, விடட்டா?" என்று நேசம் கேட்டாள். "நீ சொல்லு புள்ள. உன்னட்டத்தான் கேக்குறன்."

லவினா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். இந்த வீட்டில் அவள் விருப்பத்தை ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. அதைக் கேட்டது அம்மா. கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூட இல்லை அவள்.

"திறங்கோ அம்மா. ஹோலில இருக்கச் சொல்லுங்கோ. நான் இந்த முனையைத் தைச்சு முடிச்சிட்டுத்தான் எழும்புவன்."

"அவன் அவசரமெண்டு சொன்னா?"

"அவசரமெண்டா லிஃப்ட் இன்னும் சரியில்லை. படியால இறங்கிப் போகட்டும்."

எட்டாவது முனையை ஏழாவதோடு சேர்த்துப் பிடித்து, ஓரத்துக்கு ஓரம் பொருத்தி, ஊசிக்குக் கீழே வைத்தாள். வாசலில் கதவு திறக்கும் சத்தமும், "உள்ள வாங்கோ தம்பி, கொஞ்சம் சுணங்கும்" என்ற நேசத்தின் குரலும் கேட்டன.

லவினா மெஷினை மிதித்தாள்.